பாதி வேகம்

கைப்பிடியை இதற்கு மேல் முறுக்க இடமில்லை. முழுக்க முறுக்கி, மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகு என்னவோ சாப்பிட்டு முடித்துக் காலாற நடக்கிறவர் போல ஆற அமரப் போய்க்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத பனி. புறப்பட்ட கரை பின்னால் மறைந்துவிட்டது, போய்ச் சேர வேண்டிய கரை இன்னும் கண்ணில் படவில்லை. மோட்டார் போட்ட கூச்சலுக்கு இந்நேரம் அக்கரையில் இறங்கி ஆளுக்கொரு டீ குடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸுகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் எனக்கு ஒரு மயக்கம் வந்தது. நாங்கள் எங்கேயும் போகவில்லை, பனிதான் எங்களைத் தாண்டிப் போகிறது என்று தோன்றியது.

முன் பலகையில் உட்கார்ந்திருந்த பம்ப் ஹவுஸ்காரர் இரண்டு காதையும் துண்டால் மூடிக்கொண்டு திரும்பினார். தினமும் முதல் படகில் வருகிறவர். வாய் சும்மா இருக்காது.

"அக்கா, மோட்டார் இந்தக் கத்து கத்துது, படகு மட்டும் தூங்குதே. டாக்டர்கிட்ட காட்டலையா?"

"டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்."

"பார்த்துமா இப்படி?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் போல மறுபடி துண்டுக்குள் போய்விட்டார்.

டாக்டர் என்றால் என் வீட்டுக்காரர். படித்த டாக்டர் இல்லை, படகு மோட்டார் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே ஊருக்கு டாக்டராகிவிட்டார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மோட்டாரைக் கொண்டுவருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. "என்ன கோளாறுன்னு நீ சொல்லாத, அது சொல்லட்டும்" என்பார். மீறிச் சொன்னால் கோபம் வந்துவிடும். நீங்கள் சொல்வது காதில் விழுந்துவிட்டால் அப்புறம் மோட்டார் சொல்வது விழாதாம். அவனவன் ஒரு மாத வேதனையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அதை அவிழ்க்க முடியாமல் எங்கள் ஷெட் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கே சிரிப்பாக இருக்கும். ஆனால் இவர் கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வார், அது சரியாக இருக்கும். படகு என்னுடையது, ஓட்டுவது நான். மோட்டார் இவருடைய ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தின் சட்டம் பொண்டாட்டிக்கும் உண்டு.

பனி விலகியபோது முகத்துவாரத்துக்கு வந்திருந்தோம். அக்கரைத் துறைக்குத் திரும்ப அதன் ஓரமாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் மணல் திட்டு, மறு பக்கம் கடலுக்குள் நீட்டிக் கொட்டி வைத்த கருங்கல் வரிசை, நடுவில் குறுகலான வாய். கடல் உள்வாங்கி நீர் வற்றுகிற நேரத்தில் காயலின் தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மோட்டார் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதும், மற்ற நேரமெல்லாம் அது சோம்பேறியாக இருந்துவிட்டுப் போகட்டும். அன்று கொடுக்கவில்லை. படகு பக்கவாட்டில் நழுவிக் கற்களை நோக்கிப் போனது. நர்ஸுகள் விழித்துக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். பம்ப் ஹவுஸ்காரர் சத்தமில்லாமல் துடுப்பை எடுத்து நீட்டிக் கல்லை உந்தித் தள்ளினார். துறையில் எல்லோரும் அவசரமாக இறங்கி நடந்தார்கள். சின்ன நர்ஸ் மட்டும், "நாளைக்கு பஸ்ல சுத்திப் போலாமான்னு பார்க்கிறேன்க்கா" என்றாள். பஸ்ஸில் போனால் அரை நாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு நெஞ்சில் குத்தியது. அதைவிட, டாக்டர் வீட்டு மோட்டாருக்கே வைத்தியம் பலிக்கவில்லை என்று ஊர் பேச ஆரம்பித்தால் இவர் என்ன ஆவார் என்ற பயம் பெரிதாக இருந்தது. அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

இவர் வைத்தியம் பார்க்காமல் இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். திறந்துதான் இருந்தது. குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். ப்ளக்குகளைக் கழற்றி வெயிலில் வைத்து, பல் பார்ப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புதிது போட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் காயலில் ஓட்டிப் பார்ப்போம். நான் கைப்பிடியில், அவர் நடுப்பலகையில் முன்பக்கம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு. நான் முழுக்க முறுக்குவேன். மோட்டார் என் முதுகுக்குப் பின்னால் கதறும். அவர் மெதுவாகத் தலையை ஆட்டுவார்.

"பசி," என்பார். "இதுக்குப் பெட்ரோல் பத்தல. தொண்டையத் திறக்கவே மாட்டேங்குது பாரு."

இந்தக் கதறலைத்தான் தொண்டை திறக்காதது என்கிறாரா என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. பெரிய டாக்டர்கள் பேசுவது நமக்குப் புரிகிறதா என்ன, இது வேறு கணக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே. கரைக்கு வந்ததும் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். பசி என்று சொல்லிவிட்டால் எப்படியாவது ஊட்டியே தீர வேண்டும் அவருக்கு.

சாயங்காலம் ஷெட்டில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதில் கார்புரேட்டரின் உறுப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். குண்டூசிக் கண் அளவு துளைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஊதிப் பார்த்தார். நான் வாசல் படியில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தேன். அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த போன் அடித்தது. புது போன், குருவி கத்துகிற மாதிரி மணி. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் துளைக்குள் ஊதிக்கொண்டிருந்தார். வேலையில் மூழ்கிவிட்டார் என்று நினைத்து, "என்னங்க, போன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார், என்னை, பிறகு போனை. எடுத்தார். மகள். வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மெல்லிய குரல், சின்ன வயதிலேயே அப்படித்தான். "ம்... ம்... சரிம்மா... அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று அவசரமாக என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, அப்பாவுக்கு என்கூடப் பேசவே பிடிக்கலையா? நான் ஒண்ணு கேட்டா சரிம்மாங்கிறாரு. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன், அதுக்கும் சரிம்மா."

"வேலையா இருக்காருடி," என்றேன். சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் நான் பேசுவதைப் பார்க்காதவர் போல என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கூரான சத்தம் எதுவும் கேட்கவில்லை. போன் கேட்கவில்லை, மகள் குரல் கேட்கவில்லை, மோட்டாரின் கதறல் கேட்கவில்லை. கதறலின் அடியில் இருக்கிற கனத்த உறுமல் மட்டும் கேட்கிறது. அதைத்தான் பசி என்கிறார். மகளிடம் என்ன பேசினேன், எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. பின்னிக்கொண்டிருந்த கயிறு மடியில் அப்படியே கிடந்தது. அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ஆளில்லாமல் திரும்பும்போது காயலின் நடுவில் மோட்டாரை அணைத்துவிட்டுச் சும்மா மிதந்தேன். தண்ணீர் எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடந்தது. வானம் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. எங்கிருந்தோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது. இது அவருக்குக் கேட்குமா? படகின் அடியில் தண்ணீர் க்ளுக் க்ளுக் என்றது. இது? இது கேட்கலாம். வீட்டில் ஸ்பூன் விழும் சத்தம், மழை பிடிக்கும்போது தகரத்தில் விழுகிற முதல் ஒன்றிரண்டு துளிகள், நான் அடுத்த அறையிலிருந்து மெதுவாகக் கூப்பிடுவது. மெல்லிய சத்தங்களெல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்கின்றன. ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்க்கவில்லை. எவ்வளவு நாளாக நான் கூப்பிட்டுத் திரும்பாததற்கெல்லாம் கோபித்துக்கொண்டிருக்கிறேன். படகு தானாக மெல்லச் சுற்றியது. எந்தக் கரை எந்தப் பக்கம் என்பதே கொஞ்ச நேரம் மறந்து போயிற்று.

கதறுகிற மோட்டாருக்குப் பசி இருக்காது என்பது எனக்கே தெரியும். பெட்ரோல் பற்றாத மோட்டார் முனகும், இருமும், இப்படித் தொண்டை கிழியக் கத்தாது. கத்துகிறது, ஆனால் படகு போகவில்லை என்றால் சுற்றுகிற பலம் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற விசிறியின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. மோட்டாரின் தண்டு அதைச் சுழற்றும், அது விசிறியைச் சுழற்றும். ரப்பர் தேய்ந்துவிட்டால் மெதுவாக ஓட்டும்போது பிடித்துக்கொள்ளும், வேகம் கொடுத்தால் வழுக்கிவிடும். முன்பு ஒரு வலைக்காரரின் படகுக்கு இவர் அதைக் கண்டுபிடித்த விதம் நினைவில் இருந்தது. நானும் கரையில் படகை ஒதுக்கி, மோட்டாரைத் தூக்கி, படகு நம்பர் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, தண்டைப் பிடித்திருக்கும் நடுக் குழலிலிருந்து ரப்பரைத் தாண்டி விசிறி வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டேன். காயவிட்டு, மோட்டாரை இறக்கி, முழுக்க முறுக்கி ஒரு சுற்றுப் போய் வந்தேன். மறுபடி தூக்கிப் பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது. உள்பாதி ஒரு பக்கம், வெளிப்பாதி வேறு பக்கம். நோய் தெரிந்துவிட்ட சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு அந்தக் கோட்டைத் திருடி மாதிரித் துடைத்தேன்.

புஷ் என்று சொல்வது ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் கூடவே அடுத்ததையும் சொன்னதாகிவிடும். புஷ் வழுக்கினால் மோட்டார் கத்தும், இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அது கத்தியதே, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று நான் கேட்க வேண்டாம், அவரே கேட்டுக்கொள்வார். காதை வைத்துப் பிழைக்கிற மனுஷன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கருங்கல் ஓரமாக மெதுவாகப் போய் விசிறியைக் கல்லில் லேசாக இடித்து ஒரு இதழை உடைத்துவிட்டால் போதும். உடைந்த விசிறியோடு ஓட்ட முடியாது. புது விசிறி போடுவார், புது விசிறியோடு புது புஷ் வந்துவிடும், படகு பறக்கும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததுதான் கை கொடுத்தது என்று அவர் ஊருக்குச் சொல்லிக்கொள்ளட்டும். திட்டு எனக்கு விழும், அது பழக்கம்தான். உலகத்தில் விசிறியைக் காப்பாற்ற ஓட்டுகிறவர்கள் உண்டு, உடைப்பதற்காக ஓட்டப்போகிற முதல் ஆள் நான்தான் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

விடுமுறை நாள். பயணிகள் இல்லை. கார்புரேட்டரை இன்னொரு தரம் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, "இன்னிக்குப் பார், பறக்கும்" என்று ஏறினார். புதுச் சட்டை போட்டிருந்தார், எதற்கு என்று தெரியவில்லை. நடுப்பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் முகத்துவாரத்துப் பக்கம் திருப்பினேன். வெயில் வெள்ளையாக அடித்தது, தூரத்தில் கடல் ஒரு கோடாக மினுங்கியது. கல் வரிசை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். நீர் வற்றுகிற நேரத்தை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். லேசாக இடிக்கலாம் என்று நினைத்த இடத்தில் தண்ணீர் படகை அப்படியே அள்ளிக்கொண்டது.

எந்த ஓட்டுநரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முழுக்க முறுக்கினேன். மோட்டார் அலறியது. படகு கல்லைப் பார்த்துப் பக்கவாட்டில் போனது.

"முறுக்கு!" என்று கண்ணைத் திறந்து கத்தினார். "ஏன் முறுக்க மாட்டேங்குற? முழுசா முறுக்கு!"

முழுக்க முறுக்கித்தான் இருந்தேன். கல்லில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிந்தன. அப்போது எனக்குத் திட்டமும் நினைவில்லை, காதும் நினைவில்லை. கைப்பிடியைப் பின்னால் திருப்பிப் பாதிக்குக் கொண்டுவந்தேன். அலறல் அடங்கியது. விசிறி தண்ணீரைப் பிடித்தது. படகின் மூக்கு மெல்லத் திரும்பி, அங்குலம் அங்குலமாக நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டி, கற்களை விட்டு விலகியது. மணல் திட்டுக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருக்கும் இடத்துக்கு வந்ததும் மோட்டாரை அணைத்தேன்.

அவர் முழுவதுமாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறைச்சியா?"

"ஆமா."

"குறைச்சதும் புடிச்சுது."

அவருடைய கண் கைப்பிடியிலிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள்ளும் போனது. கண்டுபிடிக்கும்போது அவர் முகத்தில் எப்போதும் ஒரு வெளிச்சம் வரும், சின்னப் பையனைப் போல. அது வந்தது.

"புஷ்ஷு," என்றார். "அட, புஷ் வழுக்குது! நான் கழுதை, கார்புரேட்டரப் போட்டு..." அங்கே நின்றுவிட்டார். வெளிச்சம் இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் பார்க்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டேன்.

"புஷ் வழுக்குனா கத்துமே," என்றார். "கத்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிட வாய் திறந்தேன். வரவில்லை. "கத்துச்சுங்க."

"இப்பவா?"

"முதல் நாள்லேருந்தே."

தண்ணீரைப் பார்த்தார். படகு மெல்ல ஆடியது. "நான் பசின்னு நெனச்சேன்," என்றார். "அது தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்திருக்கு, நான் ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"விடுங்க."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்களே, வாயத் திறக்காதன்னு."

சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், தோள் குலுங்க. பிறகு சிரிப்பு போய்த் தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து பக்கத்தில் போகலாம் என்றால் படகு சாய்ந்துவிடும். இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"மோட்டார் கத்துறது எல்லாருக்கும் தெரியும். மத்தது எனக்கு மட்டும்தான்."

தலையை ஆட்டினார். முகத்தைப் புதுச் சட்டையின் தோளில் துடைத்துக்கொண்டு, "ஆமா, கல்லுப் பக்கம் எதுக்குப் போன?" என்றார்.

"விசிறிய உடைக்கலாம்னு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. காது போனால் என்ன, புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. "உடைச்சிருந்தா நல்லா வாங்கியிருப்ப என்கிட்ட," என்று மட்டும் சொன்னார்.

பலகைகளைப் பிடித்துக்கொண்டு, படகை ஆட்டாமல், மெதுவாக நகர்ந்து பின்பக்கம் வந்தார். மோட்டாருக்கு அந்தப் பக்கம், எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவர் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து மோட்டார் மூடியின் மேல் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு. எந்த வேகத்துல புஷ்ஷு பிடிய விடுதுன்னு பாக்கணும். அதுவரைக்கும் ஓட்டலாம், அதுக்கு மேல வேண்டாம்."

"கையில தெரியுமா?"

"பாப்போம். மெதுவா முறுக்கு."

கயிற்றை இழுத்தேன். மோட்டார் பிடித்துக்கொண்டது. காயலின் உள்பக்கமாக, திறந்த தண்ணீரைப் பார்த்துத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். படகு நகர்ந்தது, வேகம் எடுத்தது, அவர் சட்டை காற்றில் படபடத்தது. அவர் கை மோட்டாரின் மேல் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மோட்டாரை இல்லை, கையை இல்லை. என் முகத்தை. ஷெட்டில் என் உதட்டைப் பார்த்தபோது பார்க்காதவர் போல இருந்தாரே, அப்படி இல்லாமல், நேராக, கூச்சப்படாமல். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. முகத்தை ஒன்றும் இல்லாதது போல வைத்துக்கொள்ள முயன்றேன். இன்னும் முறுக்கினேன். மோட்டாரின் உறுமல் ஏறி, இன்னும் ஏறி, எங்கேயோ ஒரு மெல்லிய கீச்சென்ற சத்தம் அதிலிருந்து பிரிந்தது. என் புருவம் சுருங்கியது எனக்கே தெரியாது.

"இங்கதான்," என்றார்.

நான் கையை நிறுத்தினேன். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தரம்," என்றார். கைப்பிடியைப் பின்னால் கொண்டுவந்து, முதலிலிருந்து மெதுவாக முறுக்க ஆரம்பித்தேன். வெயிலில் கண் கூசினாலும் அவர் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.